வாயைத் திறக்க வைக்கும் விளையாட்டுகள்

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம் வீடுகளில் ஒரு நாளைக்கு எவ்வளவு தமிழ் பேசப்படுகிறது என்று கணக்கெடுத்துப் பாருங்கள். சாப்பிட வா, குளிச்சாச்சா, லைட்டை அணை, பாடம் படிச்சியா என்று நான்கைந்து வாக்கியங்களில் கணக்கு முடிந்துவிடும். அவற்றுக்குப் பிள்ளைகள் தரும் பதிலும் ஒரே சொல்தான். அந்தச் சொல்லும் பாதி நேரம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ வரும். தமிழ் தெரியாமல் அப்படிச் சொல்வதாக நாம் வருத்தப்படுகிறோம். கட்டளைக்குப் பதில் சொல்ல ஒரு சொல் போதும் என்பதுதான் உண்மையான காரணம். பேரம் பேசவும், வாதாடவும், கெஞ்சவும், கேலி செய்யவும், பொய்க்கோபம் கொள்ளவும் சந்தர்ப்பம் வந்தால்தான் ஒரு மொழி முழுதாக வெளியே வரும். அத்தகைய சந்தர்ப்பத்துக்கு நம் வீடுகளில் எங்கே இடம் வைத்திருக்கிறோம்?

இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் 'போர்டு கேம்' என்று சொல்லும் புதிய பலகை விளையாட்டுகள் சிலவற்றைப் பற்றி இங்கே என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். இவற்றை நான் கடையில் பார்த்தோ விளம்பரம் படித்தோ எழுதவில்லை. மூன்று ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆடிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன்; அப்போதுதான் என் மதிப்பெண்கள் வாசகர்களுக்குப் புரியும். நான் 1978-இல் அம்பாசமுத்திரத்திலிருந்து செங்கோட்டை வழியாக, கொல்லத்தில் வண்டி மாறி, வேலைக்காகத் திருவனந்தபுரம் வந்தவன். கரமனையில் குடியிருக்கிறேன். மகன் டெக்னோபார்க்கில் வேலை செய்கிறான். மருமகள் கோட்டயத்துக்காரி. பேத்திக்கு 13 வயது, பேரனுக்கு 9 வயது. என் தாயாருக்கு 84 வயது. அவருக்கு இத்தனை ஆண்டு கழித்தும் மலையாளம் காய்கறிக்காரரிடம் பேசும் அளவுக்குத்தான் வரும். ஆக, எங்கள் மேசையில் நான்கு தலைமுறையும் மூன்று மொழியும் உட்காருகின்றன. உங்களில் பலருடைய வீடும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்.

பழையதும் புதியதும்

பலகை விளையாட்டு நமக்குப் புதிதல்ல. பல்லாங்குழியும் தாயமும் ஆடுபுலி ஆட்டமும் ஆடி வளர்ந்தவர்கள் நாம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்குப் பரமபதம் ஆடிய நினைவு பலருக்கும் இருக்கும். பிறகு எழுபதுகளில் 'பிசினஸ்' என்ற விளையாட்டு நம் ஊர்களுக்கு வந்தது. பம்பாயையும் கல்கத்தாவையும் விலைக்கு வாங்கி, மற்றவர்களிடம் வாடகை வசூலிக்கும் ஆட்டம் அது. அதன் மூலம் அமெரிக்காவின் 'மோனாப்பலி'. லிசி மேகி என்ற பெண்மணி 1904-இல் காப்புரிமை பெற்ற விளையாட்டிலிருந்து அது பிறந்தது. நிலம் ஒருவர் கையில் குவிந்தால் மற்றவர்கள் எப்படி ஒடிந்து போவார்கள் என்று காட்டுவதுதான் அந்த அம்மையாரின் நோக்கம். ஆனால் 1935-இல் பெரிய நிறுவனத்தின் கைக்குப் போய் உலகமெங்கும் பரவியபோது, மற்றவரை ஒடிப்பதே ஆட்டத்தின் இன்பமாகிவிட்டது!

அந்த ஆட்டத்தின் பெரிய குறை எல்லாருக்கும் தெரியும். முதலில் பணம் தீர்ந்தவர் எழுந்து போய்விட வேண்டும். பெரும்பாலும் அது வீட்டின் கடைக்குட்டியாகத்தான் இருக்கும். அழுகையோடு ஆட்டம் முடியும்.

இந்தக் குறையைக் களைந்து விளையாட்டுகளை உருவாக்கியதில் ஜெர்மானியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே 1979 முதல் ஆண்டுதோறும் சிறந்த குடும்ப விளையாட்டு ஒன்றுக்கு விருது தருகிறார்கள். நூல்களுக்கு நாம் பரிசு தருவது போல. எஸ்ஸன் நகரில் 1983 முதல் விளையாட்டுகளுக்கென்றே பெரிய சந்தை கூடுகிறது. பெட்டியின் மேல் விளையாட்டை உருவாக்கியவர் பெயரை, நூலாசிரியர் பெயரைப் போல அச்சிடுகிறார்கள். இந்த வகை விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றில் யாரும் பாதியில் வெளியேற வேண்டியதில்லை. ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும். பகடையின் அதிர்ஷ்டத்தோடு ஆடுபவரின் யோசனைக்கும் இடம் உண்டு.

விளையாட்டுகளை ஒப்பிட்டுச் சொல்பவர்கள் பொதுவாக அட்டையின் தரம், படங்களின் அழகு, விதிகளின் நுட்பம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். என் அளவுகோல் வேறு. மூன்றே கேள்விகள். 84 வயதும் 9 வயதும் ஒரே மேசையில் ஆட முடியுமா? தோற்றவர் மறுபடி ஆட வருவாரா? ஆட்டத்தின் நடுவே எத்தனை வாய் திறக்கிறது? மூன்றாவது கேள்விக்கே நான் அதிக மதிப்பெண் வைத்திருக்கிறேன்.

சாலைக் கடைத்தெருவும் கட்டான் தீவும்

முதலாவது 'கட்டான்'. பல் செட் செய்யும் தொழிலில் இருந்த கிளாவுஸ் டாய்பர் என்ற ஜெர்மானியர் 1995-இல் உருவாக்கியது. அந்த ஆண்டின் ஜெர்மானிய விருதும் இதற்கே கிடைத்தது. அவர் 2023-இல் காலமானார்.

அறுகோண அட்டைகள் பத்தொன்பதைச் சேர்த்தால் ஒரு தீவு. மரம், செங்கல், ஆடு, கோதுமை, தாது என்று ஐந்து விளைபொருள்கள். இரண்டு பகடைகளை உருட்டினால் வரும் எண்ணுக்குரிய நிலம் விளையும். அதன் ஓரத்தில் வீடு கட்டியிருப்பவர்கள் எல்லாருக்கும், உருட்டியவர் யாராக இருந்தாலும், சரக்கு கிடைக்கும். அந்தச் சரக்கைக் கொண்டு சாலை போட வேண்டும், வீடு கட்ட வேண்டும், வீட்டைப் பட்டணமாக்க வேண்டும். முதலில் 10 புள்ளி எடுப்பவர் ஜெயித்தார்.

இதில் சூட்சுமம் என்னவென்றால், தேவையான எல்லாச் சரக்கும் ஒருவரிடமே ஒருபோதும் இருக்காது. என்னிடம் ஆடு குவிந்து கிடக்கும். செங்கல் ஒன்றுகூட இருக்காது. பேரம் பேசியே தீர வேண்டும். திருவனந்தபுரத்தில் வாழும் தமிழனுக்குப் பேரம் என்றவுடன் சாலைக் கடைத்தெரு நினைவுக்கு வரும். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் ராஜா கேசவதாசன் வளர்த்த அந்தத் தெருவில் தமிழ் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்தி வந்திருக்கிறார்கள். அங்கேயே கடை வைத்திருந்த எழுத்தாளர் ஆ. மாதவன் அவர்கள் அந்தத் தெருவின் மனிதர்களைத் தம் கதைகளில் நிலைநிறுத்திச் சென்றிருக்கிறார். அந்தத் தெருவின் பேச்சு எங்கள் மேசைக்கு வந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

"ரெண்டு ஆடு தாரேன், ஒரு செங்கல் தாட்டி" என்கிறார் என் தாயார்.

"ஒரு செங்கலுக்கு மூணு ஆடு, பெரியாச்சி. வேணும்னா வாங்குங்க, இல்லாட்டி விடுங்க" என்கிறாள் பேத்தி.

"ஏட்டி, போன தடவை உனக்குக் கோதுமை சும்மா தந்தேன்லா? அதுக்குள்ள மறந்துட்டியா?"

"அது போன ஆட்டம். இது இந்த ஆட்டம்!"

பள்ளியிலிருந்து வந்தால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும் பெண் இவள். இப்படி எதிர்வாதம் செய்ய அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. செங்கல் என்னும் சொல்லே கட்டான் ஆடத் தொடங்கிய பிறகுதான் அவள் நாக்கில் படிந்தது.

பகடையில் 7 விழுந்தால் திருடன் வருவான். ஒருவருடைய நிலத்தில் அவனை உட்கார வைத்து ஒரு சரக்கைப் பிடுங்கலாம். எங்கள் வீட்டில் அவன் பெயர் 'கள்ளன்'. தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொல், சண்டையில்லை. இரண்டு பகடைகளில் விழக்கூடிய 36 வகைகளில் 7 மட்டும் ஆறு வகையில் விழும். 2-ம் 12-ம் ஒவ்வொரு வகையில்தான் விழும். இதைப் பேரன் விரல்விட்டு எண்ணிக் கண்டுபிடித்துப் பெரியாச்சிக்குத் தமிழில் விளக்கினான். தாயக்கட்டை உருட்டிய கைக்கு அது புதுச் செய்தி இல்லை என்றாலும், அவர் புதிதாகக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டார்.

குறை இல்லாமல் இல்லை. பெட்டியில் உள்ள அளவுக்கு நால்வர்தான் ஆடலாம். விதிப் புத்தகம் ஆங்கிலம். அதைப் படித்து மூன்று பக்கத்தில் தமிழில் எழுதி வைத்த பிறகுதான் என் மனைவியும் தாயாரும் ஆட வந்தார்கள். ஆனாலும் மூன்று கேள்விகளுக்கும் இந்த விளையாட்டு நல்ல பதில் சொல்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு.

சென்னையைக் காப்பாற்றும் ஆட்டம்

அடுத்தது 'பாண்டெமிக்', அதாவது கொள்ளைநோய். மேட் லீக்காக் என்ற அமெரிக்கர் 2008-இல் வெளியிட்டது. கோவிட் வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னதாகவே வந்த ஆட்டம் என்பதைக் கவனிக்க வேண்டும். இதில் ஒருவருக்கொருவர் எதிரி இல்லை. எல்லாரும் ஒரே அணி, எதிரி நோய். உலகப் படத்தில் 48 நகரங்கள். ஒரு நகரத்தில் நோய் மூன்று கட்டைக்கு மேல் சேர்ந்தால் வெடித்து, பாதை வழியே பக்கத்து நகரங்களுக்கெல்லாம் பரவும். நான்கு நோய்களுக்கும் மருந்து கண்டுபிடித்தால் எல்லாரும் ஜெயித்தார்கள். இல்லாவிட்டால் எல்லாரும் தோற்றார்கள்.

அந்த 48 நகரங்களில் சென்னையும் உண்டு. மும்பை, டெல்லி, கொல்கத்தா, பாங்காக், ஜகார்த்தா ஆகிய ஐந்து ஊர்களுடன் அதற்குப் பாதை இருப்பதால் அங்கே வெடித்தால் பெரும் சேதம். "முதல்ல சென்னைக்குப் போவோம், அங்க சித்தி இருக்காங்க" என்பான் பேரன். லாகோஸில் மூன்று கட்டை சேர்ந்திருக்கிறதே என்று அவன் அக்கா வாதாடுவாள். சொந்தக்காரர் இருக்கும் ஊரை முதலில் காப்பதா, ஆபத்து அதிகமுள்ள ஊரை முதலில் காப்பதா என்று ஒரு வீட்டில் இப்படித் தர்க்கம் நடப்பது சாதாரண விஷயமா?

நம் கேரளத்தாருக்கு இந்த ஆட்டம் வேறொரு விதத்திலும் நெருக்கமானது. 2018-இல் கோழிக்கோட்டு வட்டாரத்தில் நிபா வந்ததை நாம் கண்டோம். இந்தியாவின் முதல் கோவிட் நோயாளி 2020 ஜனவரி 30 அன்று திருச்சூரில்தான் கண்டறியப்பட்டார். அந்த ஆண்டு எல்லைகளை அடைத்தபோது, களியிக்காவிளைக்கு அப்பால் இருக்கும் உறவினர் வீட்டுத் துக்கத்துக்குக்கூடப் போக முடியாமல் நம்மில் எத்தனை பேர் தவித்தோம்! மேசையில் நோய் வெடிக்கும்போது அந்தக் கதைகளெல்லாம் வெளியே வருகின்றன. அப்போது நினைவு தெரியாத வயதில் இருந்த பேரன் இப்படித்தான் அந்த நாட்களைத் தெரிந்துகொண்டான்.

இந்த ஆட்டத்துக்கு ஓர் ஆபத்து உண்டு. எல்லாரும் ஒரே அணி என்பதால், விவரம் தெரிந்த ஒருவர் மற்றவர்களுக்கு உத்தரவு போடத் தொடங்கிவிடுவார். மூத்தவர்கள் வாய் மட்டும் கேட்கும். பிள்ளைகள் மறுபடி ஒற்றைச் சொல்லுக்குப் போய்விடுவார்கள். இதற்கு எங்கள் வீட்டில் ஒரு விதி வைத்திருக்கிறோம்: ஒவ்வொரு சுற்றிலும் வயதில் சின்னவர்தான் முதலில் யோசனை சொல்ல வேண்டும். இந்த விதியோடு ஆடினால் எண்பது மதிப்பெண்; இல்லாமல் ஆடினால் நாற்பதுக்கு மேல் தர மாட்டேன்.

பழமொழிக்கு வேலை கொடுக்கும் ஆட்டம்

மூன்றாவது 'டிக்ஸிட்'. ழான்-லூயி ரூபிரா என்ற பிரெஞ்சுக்காரர் உருவாக்கி 2008-இல் வெளிவந்தது. 2010-இல் ஜெர்மானிய விருது பெற்றது. பெட்டியில் 84 படங்கள். எழுத்து எதுவும் இல்லை. கனவில் வருவது போன்ற படங்கள். ஒவ்வொருவர் கையிலும் ஆறு படம். கதை சொல்பவர் தம் கையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, அதைக் காட்டாமல் ஒரு குறிப்புச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் குறிப்புக்குப் பொருந்தும் படம் ஒன்றைத் தத்தம் கையிலிருந்து தருவார்கள். எல்லாவற்றையும் கலந்து பரப்பியபின், கதை சொன்னவருடைய படம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

எல்லாரும் கண்டுபிடித்துவிட்டால் கதை சொன்னவருக்குப் பூஜ்யம். ஒருவரும் கண்டுபிடிக்காவிட்டாலும் பூஜ்யம். குறிப்பு வெட்டவெளிச்சமாகவும் இருக்கக் கூடாது, பூட்டிய பெட்டியாகவும் இருக்கக் கூடாது. சிலருக்காவது புரிய வேண்டும். யோசித்துப் பார்த்தால், இரண்டு தலைமுறைக்கு நடுவே நாம் பேசும் பேச்சுக்கும் இதே நிபந்தனைதான்.

என் தாயார் பழமொழி சொல்லித்தான் குறிப்புக் கொடுப்பார். ஒரு நாள் "இக்கரைக்கு அக்கரைப் பச்சை" என்றார். பேத்தியும் பேரனும் விழித்தார்கள். மருமகள் உடனே சரியான படத்தில் கை வைத்தாள். மலையாளத்திலும் 'அக்கரப்பச்ச' உண்டல்லவா! தமிழ்ப் பாட்டி சொன்ன பழமொழியை மலையாளத் தாய் தன் தமிழ்ப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொன்னாள். அடுத்த வாரம் பேரன் அதே பழமொழியை வேறொரு படத்துக்குக் குறிப்பாகச் சொல்லிப் பெரியாச்சியையே ஏமாற்றி மூன்று புள்ளி எடுத்தான். ஒரு பழமொழி ஒரு பிள்ளையிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா? கண்பார்வை குறைந்தவர்களுக்குப் படங்களை அருகில் காட்ட வேண்டியிருக்கும் என்பது தவிர வேறு குறை சொல்லத் தெரியவில்லை. தொண்ணூற்றைந்து.

வெள்ளமும் சம்சாரமும்

நான்காவது 'கோட்நேம்ஸ்'. செக் நாட்டு விளாடா ஹ்வாட்டில் உருவாக்கி 2015-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு விருது பெற்றது. மேசையில் ஐந்துக்கு ஐந்தாக 25 சொற்கள். இரண்டு அணி. ஒவ்வோர் அணியிலும் ஒருவர் மட்டும் எந்தச் சொல் யாருடையது என்ற ரகசிய அட்டையைப் பார்க்கலாம். அவர் ஒரே ஒரு சொல்லையும் ஓர் எண்ணையும் சொல்லித் தம் அணியின் சொற்களைக் கண்டுபிடிக்க வைக்க வேண்டும். உதாரணமாக "திருவிழா, 2" என்றால் தேரையும் வடத்தையும் தொட வேண்டும். ஒரு சொல் மட்டும் நஞ்சு. அதைத் தொட்டால் அணி அங்கேயே தோற்றது.

நாங்கள் வாங்கிய பெட்டியில் சொற்களெல்லாம் ஆங்கிலம். என் தாயாருக்கு அது மூடிய கதவு. பழைய கல்யாண அழைப்பிதழ்களை வெட்டி இருநூறு சொற்களைத் தமிழில் எழுதினோம். கிணறு, குடம், அணை, படகு, உலை, திண்ணை, கொலுசு, தராசு என்று ஆளுக்குக் கொஞ்சமாகச் சொன்னோம். எழுதியது பேத்தி. அவள் கையெழுத்தில் தமிழைப் பார்த்தது அன்றுதான் அதிகம்.

ஒரு நாள் மருமகள் "வெள்ளம், 2" என்று குறிப்புக் கொடுத்தாள். என் தாயார் தயங்காமல் அணையையும் படகையும் காட்டினார். 2018 ஆகஸ்டில் கேரளம் கண்ட வெள்ளத்தை மறக்க முடியுமா? பேத்தி அவர் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள். "பெரியாச்சி, அம்மா மலையாளத்துல சொல்றா. வெள்ளம்னா தண்ணி. கிணறும் குடமும்தான்" என்றாள். அதுதான் சரி. இன்னொரு நாள் 'சம்சாரம்' என்ற சொல்லுக்கு ஒரு பக்கம் மனைவி என்றும் மறுபக்கம் பேச்சு என்றும் பொருள் கொண்டு பெரிய சிரிப்பாகிவிட்டது. இரண்டும் ஒன்றுதானே என்று நான் சொன்னதற்கு என் மனைவியின் பதிலை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

இதில் நான் கவனித்த விஷயம் ஒன்று உண்டு. இரண்டு மொழிக்கு நடுவே வளரும் பிள்ளைகளை நாம் எப்போதும் குறையுள்ளவர்களாகவே பார்க்கிறோம். இங்கேயும் முழுசு இல்லை, அங்கேயும் முழுசு இல்லை என்கிறோம். இந்த மேசையில் இரண்டு கரையும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் இருக்கும் அணிதான் ஜெயிக்கிறது. தமிழ் தெரிந்திருப்பது கெட்டிக்காரத்தனம் என்று ஒரு பிள்ளைக்குத் தோன்ற வேண்டுமானால், அதனால் அவள் ஓர் இடத்திலாவது ஜெயித்திருக்க வேண்டும். தமிழில் எழுதிக்கொண்டால் இந்த ஆட்டத்துக்கு நூற்றுக்கு நூறு.

பேசாத ஆட்டங்கள்

எல்லா நல்ல விளையாட்டும் பேச வைப்பதில்லை. 'அசுல்' என்று ஒன்று. போர்ச்சுகல் நாட்டு ஓடுகளைச் சுவரில் பதிப்பது போன்ற ஆட்டம், 2018-இல் விருது பெற்றது. கண்ணுக்கு அழகு, மூளைக்கும் வேலை. ஆனால் நால்வரும் தலைகுனிந்து தம் தம் பலகையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பரீட்சை அறை மாதிரி இருக்கும். 'டிக்கெட் டு ரைடு' என்ற ரயில் விளையாட்டும் ஏறக்குறைய இப்படித்தான். ஆலன் மூன் உருவாக்கி 2004-இல் வந்தது. அதற்கு 1911-ஆம் ஆண்டின் இந்திய ரயில் பாதைகளைக் கொண்ட ஒரு பலகையும் உண்டு. அதை நண்பர் வீட்டில் ஆடினோம். செங்கோட்டை மலைப்பாதை வழியாகக் கொல்லம் வரை 1904-இல் ரயில் வந்துவிட்டது என்றும், திருவனந்தபுரத்துக்கு 1918-இல்தான் வந்தது என்றும் சொல்ல அங்கே எனக்கு ஒரு சாக்குக் கிடைத்தது. சாக்குத் தேடிப் பேச வேண்டிய ஆட்டம் என்பதால் என் கணக்கில் இரண்டுக்கும் ஐம்பதுதான்.

சதுரங்கத்தை என்ன சொல்வது என்று கேட்பீர்கள். 1988-இல் நம் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2024-இல் குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். பெருமைதான், பிள்ளைகள் ஆடட்டும். அது இருவர் மௌனமாக ஆடும் ஆட்டம். நான் சொல்லும் நோய்க்கு அது மருந்தில்லை.

மறுப்புகளும் ஒரு யோசனையும்

சிலர் கேட்கலாம்: பல்லாங்குழியும் தாயமும் இருக்க, இறக்குமதிப் பெட்டிக்குப் பணம் எதற்கு? நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் பல்லாங்குழியும் இருக்கிறது. பதினான்கு குழியில் புளியங்கொட்டை எண்ணிப் போடும் சுகம் தனிதான். என்றாலும் அது இருவர் ஆட்டம், பேரம் இல்லை, கதை இல்லை. மேலும், 13 வயதுப் பெண் தன் தோழிகளிடம் சொல்லிப் பெருமைப்படக்கூடிய பெட்டி ஒன்றில் தமிழ் நுழையும்போது, அது பாட்டி காலத்துச் சாமான் என்ற பெயரிலிருந்து தப்பிக்கிறது. பழையது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் எந்த வாசல் வழியாக வருகிறார்களோ அந்த வாசலில் நாம் நிற்க வேண்டும் என்கிறேன்.

தமிழைக் கற்பிக்க வகுப்பும் போட்டியும் இருக்கின்றனவே என்பது இரண்டாவது மறுப்பு. இங்கே என் மனத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். அன்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்களில் ஆண்டு விழாவுக்குப் பேச்சுப் போட்டி, குறள் ஒப்புவித்தல், மாறுவேடம் என்று நடத்துகிறோம். அப்பா எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை மனப்பாடம் செய்து மேடையில் கணீரென்று ஒப்பிக்கிறது. கைதட்டுகிறோம், கோப்பை தருகிறோம். மேடையிலிருந்து இறங்கிய அடுத்த நிமிடம் அதே பிள்ளைகள் தாழ்வாரத்தில் தமக்குள் என்ன மொழியில் பேசிக்கொள்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டிருக்கிறீர்களா? மேடைத் தமிழ் வேண்டும். ஆனால் 'நீ ஏமாத்துற, நான் ஆட மாட்டேன்' என்று ஒரு பிள்ளை தமிழில் சண்டை போட்டால்தான் அந்தத் தமிழ் அதன் சொந்தத் தமிழ். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேர். அந்தக் கணக்கில் தம் பெயரைச் சேர்த்துச் சொல்ல நாளைய பிள்ளைகளுக்கு ஒரு காரணம் வேண்டாமா?

மூன்றாவது மறுப்பு விலையைப் பற்றியது. நாங்கள் வாங்கிய பெட்டிகள் 1500 ரூபாயிலிருந்து 4000 ரூபாய் வரை ஆயின. எல்லாக் குடும்பத்துக்கும் இது கட்டுப்படியாகாது. சாலையில் கடைச் சிப்பந்தியாக இருப்பவர் வீட்டுப் பிள்ளைக்கும் இந்த மேசை கிடைக்க வேண்டும். இதற்கு வழி கேரளமே காட்டியிருக்கிறது. 1945-இல் பி.என். பணிக்கர் அவர்கள் திருவிதாங்கூரில் தொடங்கி வைத்த கிரந்தசாலை இயக்கத்தால், ஒருவர் வாங்கிய புத்தகத்தை ஊரே படித்தது. விளையாட்டுப் பெட்டிக்கும் அதுவே பொருந்தும்.

ஆகவே நம் சங்கத்தின் முன் என் யோசனை இது. நூலகத்தில் ஓர் அலமாரித் தட்டை ஒதுக்கி, கட்டான், பாண்டெமிக், டிக்ஸிட் ஆகிய மூன்றை வாங்கி வைக்கலாம். உறுப்பினர்கள் புத்தகம் எடுப்பது போலப் பதிவேட்டில் கையெழுத்திட்டு இரண்டு வாரத்துக்கு எடுத்துச் செல்லலாம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் விதிகளைத் தமிழில் எழுதி வைக்க வேண்டும். எழுதித் தர நான் தயார். நான்காவதான சொல் விளையாட்டை வாங்கவே வேண்டாம். சங்கத்துப் பிள்ளைகளே நானூறு சொற்களை அட்டையில் எழுதட்டும். அவரவர் பாட்டியிடம் கேட்டு ஆளுக்குப் பத்துச் சொல் கொண்டு வரட்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் மேசைகளைப் போடலாம். ஒவ்வொரு மேசையிலும் ஒரு பெரியவரும் ஒரு சிறியவரும் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஒரே ஒரு நிபந்தனை. கோப்பையும் பரிசும் வேண்டாம். பரிசு வைத்தால் பிள்ளைக்குப் பின்னால் அப்பா நின்றுகொண்டு ஆங்கிலத்தில் யோசனை சொல்லத் தொடங்கிவிடுவார். வேற்றுமொழியிலிருந்து வந்த மருமகள்களும் மருமகன்களும் தாராளமாக அமரட்டும். அவர்கள் மொழியும் மேசைக்கு வரட்டும்.

அடுத்த செயற்குழுவில் இதைப் பேசுவதாகச் செயலாளர் சொல்லியிருக்கிறார். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பழைய அழைப்பிதழ் எல்லார் வீட்டிலும் இருக்கும், கத்தரிக்கோலும் இருக்கும். வரும் ஞாயிற்றுக்கிழமை 25 சொல் எழுதி மேசையில் பரப்பிப் பாருங்கள். முதல் சொல்லை வீட்டில் மூத்தவரிடம் கேளுங்கள்.